குன்றக் கூறலும் குன்றாத சிறையும்

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று நம் இலக்கண ஆசிரியர் வகுத்தனர். அவற்றுள் குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும் அடுத்தடுத்து வைத்து எண்ணப்படுவன. சொல்ல வேண்டியதைக் குறையச் சொல்லுதல் ஒன்று. வேண்டாததைக் கூட்டிச் சொல்லுதல் மற்றொன்று. மாணவரின் கட்டுரையில் இக்குற்றங்கள் நேரின், ஆசிரியர் சிவப்பு மையாற் கோடிட்டு ஓரிரு புள்ளிகளைக் குறைப்பார்; அதனோடு அக்கதை முடியும். இதே குற்றம் காவல் நிலையத்தில் எழுதப்படும் ஒரு வாக்குமூலத்தில் நேருமாயின், குறைவது ஒரு மனிதனின் வாழ்நாள்.

கொலைக் குற்றத்திற்காக ஆயுட்சிறை அநுபவிக்கும் ஒருவன் மீண்டும் மீண்டும் நீதிமன்றப் படியேறுவது எதற்காக? அவனுடைய முறையீட்டை மேல்நிலை நீதிமன்றம் எதைக்கொண்டு ஆராய்கின்றது? இவ்வினாக்களை இலக்கணம் கற்பிப்போன் ஒருவனது கண்கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து. யான் சட்டம் பயின்றவன் அல்லேன், சொல் பயிற்றுபவன். ஆயினும், மேன்முறையீடு என்பது பெரிதும் சொல்லைப் பற்றிய வழக்கே என்று காணுந்தோறும், தமிழாசிரியர் இதிற் புகுந்து பேசுதல் வரம்பு மீறியதாகாது என்றே துணிகின்றேன்.

முதலில் மேன்முறையீட்டின் இயல்பைத் தெளிந்துகொள்வோம். விசாரணை நடத்தும் நீதிமன்றம் சாட்சியை நேரிற் காண்கின்றது. அவன் தயங்குவதையும், முகம் வெளிறுவதையும், ஒரு சொல்லைச் சொல்லித் திருத்திக்கொள்வதையும் நீதிபதி கண்ணாற் காண்கின்றார். மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் முன்னோ பெரும்பாலும் சாட்சி வருவதில்லை. கட்டுக்கட்டாக ஏடுகள் வருகின்றன. அங்கே நடைபெறுவது வாசிப்பு. பழைய சுவடிகளைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பெரியோர் செய்த தொழிலுக்கும் இதற்கும் ஓர் ஒற்றுமை உண்டு. மூல ஆசிரியர் மறைந்துபோனார்; கையில் இருப்பது ஏடு எழுதினோன் வைத்துச் சென்ற பிரதி. அதில் எங்கே எழுத்துச் சிதைந்தது, எங்கே அடி விடுபட்டது, எங்கே இடைச்செருகல் நுழைந்தது என்று ஆராய்வதே பதிப்பாசிரியரின் கடன். ஆயின் சுவடிப் பதிப்பாசிரியர்க்கு ஒரு வாய்ப்பு உண்டு: ஊர் ஊராய்த் திரிந்து வேறு பிரதிகளைத் தேடி ஒப்புநோக்கலாம். மேன்முறையீட்டு நீதிபதிக்கோ, வாக்குமூலத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலும் ஒரே பிரதிதான் கிடைக்கின்றது. அப்பிரதியை எழுதியவரும் வழக்கின் ஒரு பக்கத்தைச் சார்ந்த காவல் அதிகாரியே.

இதனை எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் வைத்து எண்ணிப் பார்க்க. துறைமுகத்தைச் சூழ்ந்த இந்நிலத்தில் மூதூரின் பேச்சு ஒரு வகை. கிண்ணியாவின் பேச்சு மற்றொரு வகை. தம்பலகாமத்து வயல்வெளிப் பேச்சு வேறு. கந்தளாயிலும் சேருவிலவிலும் சிங்களமும் தமிழும் சந்தையிற் கலந்து வழங்கும். இத்தகைய ஊரான் ஒருவன், கைகலப்பில் ஓர் உயிர் போனபின், காவல் நிலையத்தில், ‘அடிக்கப் போனனான்’ என்று சொல்கின்றான் என வைத்துக்கொள்வோம். அடிக்கும் நோக்கத்தோடு புறப்பட்டுச் சென்றேன் என்பது இதற்கு ஒரு பொருள். அடிக்க ஓங்கினேன், ஆனால் அடிக்கவில்லை என்பதும் நம் வழக்கில் இதற்குப் பொருளே. ‘கத்தி பட்டுவிட்டது’ என்று அவன் சொன்னால் அது தன்வினையாற் கூறப்பட்டது. குத்தினோன் என ஒருவன் அத்தொடரில் இல்லை. அதையே எழுதுபவர் ‘கத்தியாற் குத்தினேன்’ என்று எழுதிவிட்டால், இல்லாத எழுவாய் ஒன்று தோன்றிவிடுகின்றது. கொலைக்கும், கொலை என்னும் அளவுக்கு எட்டாத மரணம் விளைத்தலுக்கும் உள்ள வேற்றுமை கருத்து ஒன்றையே பற்றி நிற்பது. அக்கருத்து ஒரு வினையெச்சத்திலோ ஒரு துணைவினையிலோ ஒளிந்திருப்பதை யாரும் எளிதில் உணர்வதில்லை.

இனி அச்சொல் செல்லும் வழியைக் காண்க. தமிழிற் பேசப்பட்டது பலவேளை சிங்களத்தில் எழுதப்படுகின்றது. வடக்கு கிழக்கின் நீதிமன்றங்களில் வழக்குத் தமிழில் நடைபெறுகின்றது. குற்றவாளி எனத் தீர்ப்பாகுமாயின், பதினான்கு நாள்களுக்குள் மேன்முறையீட்டு மனுக் கொடுத்தல் வேண்டும் என்பது 1979-ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம். மனு செல்வதோ கொழும்புக்கு. மேன்முறையீட்டைக் கேட்கும் நீதிமன்றத்தின் மொழி வேறாயின், ஏடுகள் அம்மொழியிலும் ஆக்கப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 24-ஆம் உறுப்புரை கூறுகின்றது. தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. இவ்வாறு ஒரு சொல் மூன்று மொழிகளின் ஊடே நடந்து சென்று தீர்ப்பாகின்றது. வழியில் எங்கேனும் ஓர் எச்சம் உதிர்ந்துவிட்டால், அதனைக் குனிந்து எடுப்பார் யார்? இலங்கையில் 1976 ஜூன் 23-க்குப் பின் தூக்குத்தண்டனை எதுவும் நிறைவேற்றப்பட்டதில்லை. ஆதலின் கொலைக்கு மரணதண்டனை பெற்றவனும் நடைமுறையில் ஆயுட்கைதியே. அவன் உயிரோடிருக்கின்றான், எனவே உதிர்ந்த சொல்லைத் தேடிக்கொண்டேயிருக்கின்றான்.

இதற்குத் தமிழுலகம் முழுதும் அறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1991 மே 21-இல் திருப்பெரும்புதூரில் இந்தியாவின் முன்னாட் பிரதமர் ராஜீவ் காந்தியும் அவரோடு வேறு பலரும் குண்டுவெடிப்பில் மாண்டனர். அடுத்த மாதம் 11-ஆம் நாள் பேரறிவாளன் என்னும் பத்தொன்பது வயது இளைஞர் கைதுசெய்யப்பட்டார். பற்றரி என நாம் வழங்கும் ஒன்பது வோல்ட் மின்கலங்கள் இரண்டை வாங்கிச் சிவராசனிடம் கொடுத்தார் என்பது அவர்மீது சாட்டப்பட்டவற்றுள் முதன்மையானது. பொதுச் சட்டத்தின்படி காவல் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் சான்றாகாது. அக்காலத்தில் இந்தியாவில் நடைமுறையிலிருந்த தடா என்னும் சட்டமோ, உயர்நிலை அதிகாரி ஒருவர் எழுதிய ஒப்புதலைச் சான்றாக ஏற்க இடமளித்தது. 1998 ஜனவரி 28-இல் தனி நீதிமன்றம் இருபத்தாறு பேருக்கும் மரணதண்டனை விதித்தது. 1999 மே 11-இல் இந்திய உச்ச நீதிமன்றம் பத்தொன்பது பேரை விடுவித்து, மூவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்து, பேரறிவாளன், முருகன், சாந்தன், நளினி என்னும் நால்வரின் மரணதண்டனையை உறுதிசெய்தது. இது தடாச் சட்டத்தின்பாற்பட்ட பயங்கரவாதக் குற்றமன்று என்று அதே தீர்ப்புக் கூறியது. ஆயினும், அச்சட்டத்தின்கீழ் எழுதப்பட்ட வாக்குமூலங்கள் கொலைக் குற்றத்துக்குச் சான்றாகும் என்றும் கொண்டது. மரம் வெட்டப்பட்ட பின்னும் அதன் நிழல் நின்றது போலும்!

ஆண்டுகள் கழிந்தன. அவ்வாக்குமூலத்தை எழுதிய மத்திய புலனாய்வுத் துறை அதிகாரி வி. தியாகராஜன், ஓய்வுபெற்ற பின், 2013-இல் ஓர் உண்மையை வெளியிட்டார். மின்கலங்கள் எதற்கென்று தமக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் கூறியிருந்தார் என்றும், அப்பகுதியைத் தாம் எழுதாது விட்டுவிட்டார் என்றும் அவர் சொன்னார். பின்னர் அதனை உச்ச நீதிமன்றத்துக்குச் சத்தியக்கடதாசியாகவும் அளித்தார்.

இலக்கணம் கற்றோர் இவ்விடத்திற் சற்று நின்று நோக்குதல் வேண்டும். ‘வெடிக்க வாங்கிக் கொடுத்தேன்’ என்பதும் ‘வாங்கிக் கொடுத்தேன்’ என்பதும் ஒன்றல்ல. ‘வெடிக்க’ என்பது செயவென் எச்சம்; இத்தொடரில் அது செயலின் நோக்கத்தை உணர்த்துகின்றது. கொலைக் குற்றத்தின் உயிர்நிலையே அந்நோக்கந்தான். கடையில் மின்கலம் வாங்குதல் யார்க்கும் குற்றமன்று. இன்னது செய்ய என்னும் எச்சம் வந்து கூடும்போதே அது குற்றமாகின்றது. ‘எதற்கென்று தெரியாது’ என்னும் தொடர் அவ்வெச்சத்தை மறுப்பது. அம்மறுப்பு ஏட்டில் ஏறாதொழிந்தால், எழுதாத எச்சத்தைப் படிப்போர் தாமே வருவித்துக்கொள்வர். குன்றக் கூறல் தானே மிகைபடக் கூறலாகவும் மாறும் விந்தை இது.

பேரறிவாளன் குற்றமற்றவரா என்று தீர்ப்பளிப்பது என் வேலையன்று. அவ்வழக்கில் வேறு சான்றுகளும் ஆராயப்பட்டன. யான் கேட்பது ஒன்றே: எழுதியவரே வந்து, ‘என் பிரதியில் ஓரடி விடுபட்டது’ என்று கூறிய பின், அதனைச் சேர்த்துப் படித்துப் பார்க்க ஒரு வாயில் இருந்ததா? அவர் எத்தனை கதவுகளைத் தட்டினார் என்பதைப் பாருங்கள். கருணை மனு குடியரசுத் தலைவரிடம் பதினோராண்டு கிடந்து 2011-இல் தள்ளப்பட்டது. அத்தாமதத்தைக் காரணமாகக் கொண்டு 2014 பெப்ரவரி 18-இல் உச்ச நீதிமன்றம் மரணதண்டனையை ஆயுளாக மாற்றியது. 1999-இன் தீர்ப்பைத் திரும்பப் பெறுமாறு அவர் செய்த விண்ணப்பத்தைப் புலனாய்வுத் துறை எதிர்த்தது. 2018 மார்ச்சில் நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் விடுதலைக்குத் தமிழ்நாட்டு அமைச்சரவை பரிந்துரைத்தது. ஆளுநர் நெடுநாள் முடிவெடாதிருந்து, அதனைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். இறுதியில் 2022 மே 18-இல், அரசியலமைப்பின் 142-ஆம் உறுப்புரை தரும் தனி அதிகாரத்தைக் கொண்டு உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. பத்தொன்பது வயதிற் சென்றவர் ஐம்பதைத் தொட்ட காலத்தில் விடுதலையானார். மகனுக்காக அலைந்த அற்புதம்மாள் முதுமையடைந்திருந்தார். அவ்வாண்டு நவம்பர் 11-இல் எஞ்சிய அறுவரும் விடுவிக்கப்பட்டனர். அவருள் நம் நாட்டவரான சாந்தன், தாயகம் திரும்பக் காத்திருந்த நிலையிலேயே 2024 பெப்ரவரி 28-இல் சென்னையில் உயிர் நீத்தார்.

உற்று நோக்குக. 2014-இல் மரணதண்டனை நீங்கியது, கருணை மனுவுக்கு விடை தாமதித்தமையால். 2022-இல் விடுதலை கிட்டியது, அமைச்சரவையின் அறிவுரைக்கு ஆளுநர் கட்டுப்பட்டவர் என்பதாலும், அவர் தாமதித்தமையாலும். இரண்டிலும் வென்றது காலக்கணக்கு. விடுபட்ட அந்தத் தொடர் இன்றும் விடுபட்ட தொடரே. சிறைக்கதவு திறந்தது, ஏடு திருந்தவில்லை. விடுதலையும் திருத்தமும் ஒன்றென மயங்குவோர் இதனைக் கருதுதல் வேண்டும்.

கடலுக்கு அப்பாலுள்ள கதை இஃது என்று நாம் அமைதியடைய இயலாது. நமது 1979-ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டமும், உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரி முன் கொடுத்த ஒப்புதலைச் சான்றாக்கியது. அது விருப்பின்றிக் கொடுக்கப்பட்டது என்று நிறுவும் சுமையையும் கொடுத்தவன் தலையிலேயே ஏற்றியது. சிங்கராசா வழக்கு எனச் சட்ட நூல்களிற் பேசப்படும் வழக்கைக் காண்க. அது கொலை வழக்கன்று. அரசைக் கவிழ்க்கச் சதிசெய்தார் என்பதும் படைமுகாம்களைத் தாக்கினார் என்பதும் குற்றச்சாட்டு. ஆயினும் நம் பொருளுக்கு அது மிக நெருங்கியது. 1993-இல் மட்டக்களப்புப் பகுதியிற் பிடிக்கப்பட்ட அத்தமிழரின் சொற்களைப் பொலிஸ்காரர் ஒருவர் மொழிபெயர்த்தார். தமக்கு விளங்காத சிங்களத்தில் தட்டச்சிட்ட தாளில் தம்மை வற்புறுத்திப் பெருவிரல் அடையாளம் வைப்பித்தனர் என்பது அவருடைய முறையீடு. அவ்வொப்புதலின் பேரிலேயே 1995-இல் ஐம்பதாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 1999-இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை முப்பத்தைந்தாகக் குறைத்தது. 2000-இல் உயர் நீதிமன்றம் மேலும் முறையிட இசைவு தரவில்லை. 2004-இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு, அவருக்கு நேர்மையான விசாரணை கிட்டவில்லை என்றும், சுமையை அவர்மேல் ஏற்றியது தவறு என்றும் கண்டது. அதனைக் காட்டி மீளாய்வு வேண்டியபோது, 2006 செப்டம்பரில் நம் உயர் நீதிமன்றம் மறுத்தது. ஐம்பதை முப்பத்தைந்தாக்குதல் கணக்கைத் திருத்துதல். அந்தப் பெருவிரலுக்கு மேலே எழுதியிருந்த சொற்கள் யாருடையவை என்னும் வினா அப்படியே நின்றது.

சொல்லாராய்ச்சி நீதிக்கு உதவுமோ என ஐயுறுவார்க்கு இங்கிலாந்திலிருந்து ஒரு செய்தி. 1952 நவம்பரில் குரொய்டனில் ஒரு பண்டகசாலைக் கூரைமேல் காவலர் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். சுட்டவன் பதினாறு வயதுச் சிறுவன். வயதின் காரணமாகத் தூக்குக்குத் தப்பினான். அவனோடு சென்ற டெரெக் பென்ட்லி என்னும் பத்தொன்பது வயது இளைஞன், அந்தச் சூடு நிகழுமுன்பே பிடிபட்டிருந்தவன். ‘அவனுக்குக் கொடு’ என்னும் கருத்துப்படக் கூவினான் என்பது அவன்மீது சொல்லப்பட்டது. துப்பாக்கியைக் காவலரிடம் கொடுத்துவிடு என்பதா, சுடு என்பதா? நம் ஊர்ப் பேச்சிலும் ‘குடு அவனுக்கு’ என்பது இரட்டுற மொழிதலே அன்றோ! தான் அவ்வாறு கூறவேயில்லை என்று பென்ட்லி மறுத்தான். 1953 ஜனவரி 28-இல் தூக்கிலிடப்பட்டான்.

அவனுடைய குடும்பம் நாற்பத்தைந்தாண்டு விடாது போராடியது. பிற்காலத்தில் மொழியியலறிஞர் மல்கம் கூல்தார்ட் அவனுடைய வாக்குமூலத்தை ஆராய்ந்தார். அவன் தானாகச் சொல்லச் சொல்ல எழுதியது என்று காவலர் கூறிய அந்த ஏட்டில், ‘பின்பு’ என்னும் பொருளுடைய ஒரு சிறு சொல் எழுவாய்க்கு அடுத்து வந்து நிற்கும் வழக்கம் மிகுந்திருந்தது. அது பொதுமக்கள் பேச்சின் நடையன்று, காவலர் அறிக்கையின் நடை என்று அவர் காட்டினார். 1998 ஜூலை 30-இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் குற்றத்தீர்ப்பை நீக்கியது. யூரிமார்க்கு நீதிபதி வழங்கிய தொகுப்புரை நேர்மையற்றது என்பதே அதற்கு முதன்மையான காரணம். எனினும், ஓர் ஏட்டின் நடையைக்கொண்டு அதனை எழுதியது யார் எனக் காணும் கலை இவ்வழக்கால் உலகப் புகழ் பெற்றது. அவ்வழக்கை நீதிமன்றத்துக்கு மீண்டும் அனுப்பியது, 1997-இல் அந்நாட்டிற் பணிதொடங்கிய குற்றவழக்கு மீளாய்வு ஆணைக்குழு. எல்லா வாயில்களும் அடைபட்ட பின், பழைய வழக்கைத் தானே துருவி ஆராய்ந்து, தக்கதாயின் நீதிமன்றத்துக்கு அனுப்புவதே அதன் தொழில். அத்தகைய நிலையான ஓர் அமைப்பு நம்மிடத்தில் இல்லை, இந்தியாவிலும் இல்லை.

‘வழக்கென்றால் ஒரு நாள் முடிய வேண்டாமா? கொலையுண்டார் குடும்பம் எத்தனை முறைதான் அழுவது?’ என்று கேட்பார் உளர். இவ்வினாவை இகழ்ந்து தள்ளேன். எங்கள் கடற்கரையில் 2006 ஜனவரி 2-ஆம் நாள் மாலை மாணவர் ஐவர் கொல்லப்பட்டனர். 2019 ஜூலையில், போதிய சான்றில்லை என்று எதிரிகள் பதின்மூவரும் விடுவிக்கப்பட்டனர். அப்பிள்ளைகளைப் பெற்றோரின் துயர் இவ்வூர் ஆசிரியர்க்குப் பிறர் துயரன்று. ஆனால் அத்துயருக்கு வேண்டுவது உண்மை. பொய்யேட்டினால் ஒருவன் சிறையிலிருக்க, உண்மைக் குற்றவாளி வெளியே உலவுவானாயின், இறந்தோர்க்கு நாம் செய்தது என்ன? சான்றை ஒழுங்காக எழுதுதலும் ஒழுங்காகக் காத்தலும் குற்றஞ் சாட்டப்பட்டவனுக்கு மட்டும் செய்யும் சலுகையல்ல. ஏடு தூய்தாயின் குற்றமிழைத்தோன் தப்பான், இழையாதோன் அகப்படான்.

மன்னிப்பினால் இக்குறை தீரும் என்பாருமுளர். மன்னிப்பு அரசன் மகிழ்ந்து வீசும் பொற்கிழியன்று. இராயல் பார்க் கொலை வழக்கில் தண்டனை பெற்றவருக்கு 2019 நவம்பரில் அப்போதைய ஜனாதிபதி வழங்கிய மன்னிப்பை, 2024 ஜூன் 6-இல் நம் உயர் நீதிமன்றம் தன்னிச்சையானது எனக் கண்டு செல்லாததாக்கியது. செல்வாக்குடையோன் மன்னிப்பைப் பெறுகின்றான். செல்வாக்கில்லாதவன் சிறைச்சாலை மேசையிலிருந்து மனு எழுதுகின்றான். மேலும், மன்னிப்பு வேண்டுபவன் குற்றத்தை ஏற்றவனாகவே உலகத்தாற் கருதப்படுகின்றான். ‘என் ஏட்டைத் திருத்துக’ என்று கேட்போனுக்கு ‘உன்னை மன்னித்தோம்’ என்பது விடையாகாது.

ஆகவே வேண்டுவன மூன்று. வாக்குமூலம் ஒருவன் பேசிய மொழியிலேயே, பேசியவாறே எழுதப்படுதலும், ஒலியும் ஒளியும் பதிந்து காக்கப்படுதலும் வேண்டும். அப்பதிவே மேன்முறையீட்டு நீதிபதிக்கு ஒப்புநோக்க உதவும் இரண்டாம் பிரதி. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் பதவிக்கு, இரு மொழி அறிவோடு வட்டார வழக்கறிவும் தகுதியாகக் கொள்ளப்படுதல் வேண்டும். வாயில்கள் அடைபட்ட பின்னும் பழைய ஏட்டைப் பிரித்துப் பார்க்கும் ஆணைக்குழு ஒன்று இந்நாட்டில் அமைதல் வேண்டும்.

இவற்றுள் நடுவணது நம் கையிலும் உள்ளது. நாளைய மொழிபெயர்ப்பாளரும், நீதிமன்ற எழுத்தரும், வாக்குமூலம் எழுதும் பொலிஸ்காரரும் இன்று நம் வகுப்பறைகளிலே வாங்குகளில் அமர்ந்திருக்கின்றனர். எச்சமும் முற்றும், தன்வினையும் பிறவினையும் பரீட்சைக்குப் பின் மறக்கத்தக்கவை என்று அவர்கள் எண்ணுகின்றனர். இனி அப்பாடத்தை நடத்தும்போது, செய்யுளடிகளோடு ஒரு வாக்குமூலத் தொடரையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவோமாக. ‘கத்தி பட்டது’, ‘கத்தியாற் குத்தினேன்’ என இரண்டையும் அருகருகே வைத்து, இவற்றின் இடையே எத்தனை ஆண்டுச் சிறை இருக்கின்றது என்று கேட்போமாக. பிறர் சொல்லை எழுதும் கை, கூட்டாமலும் குறைக்காமலும் எழுத வேண்டும் என்னும் அறம் அங்கேதான் கற்பிக்கப்பட வேண்டும். ஏனெனில், அக்கை எழுதாது விட்ட ஒரு தொடரைத் தேடி ஒருவன் முப்பதாண்டு நடக்க நேரலாம்.